சுடும் வெயில் வேறு, கன்றவைக்கும் வெயில் வேறு

வெயிலில் நெடுநேரம் திரிந்துவிட்டு வீடு திரும்பியவருக்கு அன்று மாலை வரை பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. இரவில் படுக்கும்போதுதான் தோள்பட்டையில் போர்வை உரசினாலே எரிகிறது. மறுநாள் காலையில் கழுத்தும் முன்கையும் சிவந்தோ கருஞ்சிவப்பாகவோ மாறி, தொட்டால் காந்துகின்றன. நான்கைந்து நாட்களில் வெங்காயச் சருகு போலத் தோல் உரியத் தொடங்குகிறது. தோல் கன்றிப்போதல் என்று நாம் சொல்லும் இந்தக் காயத்தைத்தான் மருத்துவர்கள் சன்பர்ன் என்கிறார்கள். எல்லோருக்கும் ஒருமுறையாவது நேர்ந்திருப்பதால் எல்லோரிடமும் இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. அவற்றுள் சில உதவும், சில வீண், சில காயத்தை மேலும் மோசமாக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு நம் பேச்சுவழக்கும் ஒரு காரணம். "வெயில் சுட்டுவிட்டது" என்று சொல்லிச் சொல்லி, அடுப்பில் சுட்டுக்கொள்வதைப் போன்றதுதான் இதுவும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டால் கை அந்தக் கணமே எரிகிறது. வெயிலில் கன்றிய தோல் மட்டும் ஏன் பல மணி நேரம் பொறுத்திருந்து எரிகிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், எந்த வைத்தியம் எதற்கு உதவும், எது உதவாது என்பது பெருமளவு தானாகவே விளங்கிவிடும்.

கொடியில் காயும் துணி

ஒரே நிறத்தில் இரண்டு சட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றை நாள்தோறும் இஸ்திரி போட்டு அலமாரியில் வைக்கிறோம். மற்றொன்றைப் பல மாதங்கள் வெயில் படும் கொடியிலேயே தொங்கவிடுகிறோம். இஸ்திரிப் பெட்டியின் சூடு எந்த வெயிலின் சூட்டையும் விட மிக அதிகம். ஆனாலும் வெளுத்துப்போவது கொடியில் கிடந்த சட்டைதான். சன்னலோரம் கிடக்கும் செய்தித்தாள் சில நாட்களிலேயே பழுத்துவிட, அதே அறையின் அதே வெப்பத்தில் பெட்டிக்குள் இருக்கும் தாள் வெகுகாலம் வெள்ளையாகவே இருப்பதும் இப்படித்தான். வெப்பம் செய்யாத ஏதோ ஒன்றை வெயிலில் உள்ள வேறொன்று செய்கிறது.

தோலிலும் அதுவே நடக்கிறது என்பதைப் பிரிட்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எவரார்ட் ஹோம் தம் கைகளைக் கொண்டே சோதித்துப் பார்த்து, 1821-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். ஒரு கையைக் கறுப்புத் துணியால் மூடி, மற்றதை வெறுமனே விட்டு, இரண்டையும் வெயிலில் நீட்டினார். கறுப்புத் துணி வெப்பத்தை ஈர்ப்பதால் மூடிய கையின் பக்கம் வெப்பமானி அதிகச் சூட்டைக் காட்டியது. ஆனால் கன்றியது மூடாத கைதான். வெப்பம் கூடுதலாக இருந்த இடத்தில் காயம் இல்லை; வெப்பம் குறைவாக இருந்த இடத்தில் காயம் இருந்தது. இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு தெளிவான விடையைத் தருவது அபூர்வம்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு பங்குகள்

மழைவில்லில் சிவப்பு முதல் ஊதா வரை நாம் காணும் நிறங்கள் சூரிய ஒளியின் நடுப்பகுதி மட்டுமே. சிவப்புக்கு அப்பாலும் ஒளி இருப்பதை 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியைக் கொண்டு கண்டறிந்தார். அது அகச்சிவப்புக் கதிர். வெயிலில் நிற்கும்போது நாம் உணரும் சூட்டில் பெரும்பங்கு அதனுடையது. அடுத்த ஆண்டே, ஊதாவுக்கு அப்பாலும் ஒன்று இருப்பதை ஜெர்மானியரான யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் கண்டார். கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியைவிட, அதைத் தாண்டி இருட்டாகத் தோன்றிய இடத்தில்தான் வெள்ளிக் குளோரைடு உப்பு விரைவாகக் கறுத்தது. அந்த இருட்டில் இருந்ததுதான் புற ஊதாக் கதிர்: நம் கண்ணுக்குத் தெரியாத, தோலுக்குச் சூடாகவும் உறைக்காத, ஆனால் வேதிப்பொருள்களை மாற்றிவிடும் அளவுக்கு ஆற்றல் கொண்ட ஒளி.

புற ஊதாக் கதிரை அலைநீளத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். அலைநீளத்தை அளக்கும் அலகு நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. 100 முதல் 280 நானோமீட்டர் வரையுள்ள யுவிசி மிகக் கொடியது என்றாலும், வளிமண்டலமும் அதிலுள்ள ஓசோனும் அதை முழுவதும் தடுத்துவிடுவதால் அதை இத்தோடு மறந்துவிடலாம். 280 முதல் 315 வரை யுவிபி. 315 முதல் 400 வரை யுவிஏ. தரையை வந்தடையும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 விழுக்காடு யுவிஏ. யுவிபி மிகச் சிறு பங்குதான். ஆனால் தோலைக் கன்றவைப்பதில் யுவிபியின் வலிமை யுவிஏயைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்பதால், கன்றுதல் என்ற காயத்துக்கு முதன்மைக் காரணம் அந்தச் சிறு பங்கே. யுவிஏ தோலுக்குள் இன்னும் ஆழமாகச் சென்று, காலப்போக்கில் சுருக்கத்தையும் தளர்ச்சியையும் உண்டாக்குகிறது. சாதாரணச் சன்னல் கண்ணாடி யுவிபியைப் பெரிதும் தடுத்துவிடும். யுவிஏயில் கணிசமான பகுதியை உள்ளே விட்டுவிடும். கண்ணாடிக்குப் பின்னால் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர் எளிதில் கன்றாமல் இருப்பதும், ஆனாலும் அவருடைய தோல் மூப்படைவதும் இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வெயிலில் சூடு தருவது ஒரு கதிர், தோலைக் கன்றவைப்பது வேறொரு கதிர். முதலாவதை உணர முடியும். இரண்டாவதை உணர முடியாது. ஆகவே, "இன்று அவ்வளவு சூடாக இல்லையே" என்பது பாதுகாப்புக்கு அடையாளமே அன்று.

தோலுக்குள் நடப்பது

நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவிலும் அது எப்படி இயங்க வேண்டும் என்ற குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதுவே டிஎன்ஏ, நான்கே நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்ட மிக நீண்ட இழை. யுவிபி கதிர் படும்போது அதன் ஆற்றலை இந்த இழையே நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது. அப்போது, அடுத்தடுத்து அமைந்த இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. பையின் ஜிப்பில் பக்கத்துப் பக்கத்துப் பற்கள் இரண்டு வளைந்து ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? இழுப்பான் அந்த இடத்துக்கு வந்ததும் சிக்கி நிற்கும். குறிப்பேட்டைப் படியெடுக்க வரும் நொதிகளும் அப்படித்தான் அங்கே திணறுகின்றன.

உயிரணுவுக்கு இது புதிதல்ல. ஒட்டிய பகுதியை வெட்டி எடுத்து, சரியான எழுத்துகளை வைத்துத் தைக்கும் பழுதுபார்ப்பு ஏற்பாடு அதனிடம் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கிறது. சிறிது நேர வெயிலின் சேதத்தை அது சத்தமின்றிச் சரிசெய்துவிடும். பழுது அளவுக்கு மீறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சரிசெய்ய முடியாத உயிரணுக்கள், பிழையான குறிப்போடு பெருகுவதைவிட மாய்ந்துபோவதே மேல் என்பதுபோலத் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. சேதமடைந்த மற்ற உயிரணுக்கள் அபாய அறிவிப்பாகச் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றுள் முக்கியமானது புரோஸ்டாகிளாண்டின்: இரத்தக் குழாய்களை விரிக்கவும் வலி நரம்புகளைக் கூர்மையாக்கவும் வல்ல பொருள். குழாய்கள் விரிவதால் அந்த இடத்துக்கு இரத்தம் பெருகி வருகிறது; அதுவே சிவப்பு, அதுவே காந்தல். குழாய்ச் சுவர் வழியே நீர் கசிவதால் வீக்கம். கசிவு மிகுந்தால் கொப்புளம்.

முன்பு எழுப்பிய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சேதம் வெயிலில் நின்ற நேரத்திலேயே முடிந்துவிட்டது. நாம் பார்ப்பது அதற்கு உடல் ஆற்றும் எதிர்வினை. அந்த எதிர்வினை திரண்டு வர நேரம் பிடிக்கிறது. பொதுவாக 3 முதல் 6 மணி நேரத்தில் சிவப்பு தலைகாட்டி, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டி, சாதாரணக் காயமாக இருந்தால் மூன்று நாட்களில் தணிகிறது. பிறகு வரும் தோலுரிதல், பழுதான உயிரணுக்களை உடல் கூட்டமாகக் கழற்றிப் போடுவது. கன்றிய தோலில் இருக்கும் சூடு வெயில் விட்டுச்சென்ற சூடு அன்று. அங்கே பாயும் நம் சொந்த இரத்தத்தின் சூடு. "உள்ளே இறங்கிய வெயிலை எடுக்க வேண்டும்" என்ற எண்ணத்தில் செய்யப்படும் வைத்தியங்கள் இல்லாத ஒன்றைத் தேடுகின்றன என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. பழுதுபார்ப்பில் தப்பிய பிழையோடு ஓர் உயிரணு பிழைத்துக்கொண்டால், பல ஆண்டுகள் கழித்து அது புற்றாக மாறக்கூடும். சிறு வயதில் கொப்புளம் வருமளவுக்குப் பலமுறை கன்றியவர்களுக்கு மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயின் அபாயம் கூடுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை.

தோல் கறுப்பது எதைக் காட்டுகிறது

வெயில் பட்டுத் தோல் கறுப்பதைச் சிலர் அழுக்கு போலத் தேய்த்து அகற்ற முயல்கிறார்கள். வேறு சிலர் அதை ஆரோக்கியத்தின் அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டுமே தவறு. தோலுக்கு நிறம் தரும் பொருள் மெலனின். டிஎன்ஏ சேதமடைந்ததை உணர்ந்த தோல் கூடுதலாக மெலனினை உற்பத்தி செய்து, மேலேயுள்ள உயிரணுக்களுக்கு அனுப்புகிறது. அங்கே அது உயிரணுவின் கருவுக்கு மேல் குடைபோலக் கவிந்து நிற்கிறது; உவமைக்காகச் சொல்லவில்லை, நுண்ணோக்கியில் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். ஆனால் இந்தக் குடை விரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன, அதுவும் அடிபட்ட பிறகே விரிகிறது. வெயிலில் கறுத்த தோல் தரும் கூடுதல் பாதுகாப்பும் மிகச் சொற்பம்.

இயல்பிலேயே கருமையான தோலில் மெலனின் மிகுதி. அது கன்ற நெடுநேரம் பிடிக்கும். கன்றவே கன்றாது என்பது மட்டும் கட்டுக்கதை. 1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் தோல் மருத்துவர், வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார். எளிதில் கன்றும் மிக வெளிறிய தோல் முதல் அரிதாகவே கன்றும் மிகக் கருமையான தோல் வரை இன்று அதில் ஆறு வகைகள் உண்டு. ஆறாவது வகைக்கும் எல்லை உண்டு. அத்தகைய தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது என்பதால், காந்தல், இறுக்கம், தொட்டால் வலி, பிறகு வரும் அரிப்பு ஆகியவற்றைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். சிவக்கவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு.

குழாயும் வாளியும்

தோல் கன்றுமா என்பதை முடிவு செய்வது மொத்த அளவு: கதிர் எவ்வளவு வலிமையாக விழுந்தது, எவ்வளவு நேரம் விழுந்தது என்ற இரண்டின் பெருக்கல். குழாயைப் பெரிதாகத் திறந்தால் வாளி ஐந்து நிமிடத்தில் நிறையும். சொட்டுச் சொட்டாக விட்டாலும் ஒரு நேரத்தில் நிரம்பத்தான் செய்யும். காலையில் இருபது நிமிடம், நண்பகலில் இருபது நிமிடம் என்று பிரித்து நின்றால் வாளி இடையில் காலியாகிவிடுவதில்லை. அன்றைய கணக்கு கூடிக்கொண்டே போகிறது.

குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அறிய எளிய வழி நம் நிழல். நிழல் நம் உயரத்தைவிட நீளமாக இருந்தால் சூரியன் சாய்ந்திருக்கிறது. கதிர் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் யுவிபி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால் ஒதுங்க வேண்டிய நேரம். இதையே எண்ணாகச் சொல்வது யுவி குறியீடு. 1992-இல் கனடாவில் தொடங்கி, பிறகு உலகப் பொது அளவுகோலாக ஏற்கப்பட்ட இதைப் பெரும்பாலான வானிலைச் செயலிகளில் காணலாம். 3-ஐத் தொட்டால் பாதுகாப்பு வேண்டும். 8 முதல் மிகக் கடுமை. 11-ம் அதற்கு மேலும் உச்ச நிலை. வெப்பநிலையைப் பார்ப்பதைவிட இந்த எண்ணைப் பார்ப்பதே பொருத்தம்.

குளுமை நம்மை ஏமாற்றும் இடங்கள் பல. மெல்லிய மேகம் சூட்டைக் குறைத்துவிடும்; புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். மலையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது, காற்றோ சில்லென்று இருக்கிறது. புதிதாக விழுந்த பனி தன்மீது படும் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். உலர்ந்த கடற்கரை மணல் ஏறத்தாழ 15 விழுக்காடு. நீருக்குள் அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் உள்ளதில் ஏறத்தாழ 40 விழுக்காடு கதிர் இருக்கிறது. நீந்தும்போது குளிர்ச்சியாக உணர்பவரின் முதுகு கன்றிக்கொண்டிருக்கக்கூடும்.

சுருக்கமாக: வலிமையும் நேரமும் சேர்ந்ததே அளவு. நிழலின் நீளமும் யுவி குறியீடும் நம்பத்தக்க வழிகாட்டிகள். உடம்பில் உறைக்கும் சூடு நம்பத்தகாதது.

தடுப்பு: துணி முதலில், களிம்பு அடுத்து

தடுப்பு என்றதும் பலருக்கும் களிம்புதான் நினைவுக்கு வருகிறது. என் கணிப்பில் வரிசை வேறு: நிழல், துணி, பிறகே களிம்பு. துணி வியர்வையில் வழிந்துபோகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் அணிய வேண்டியதும் இல்லை. நெருக்கமான நெசவும் அடர்ந்த நிறமும் கொண்ட துணி நன்றாகத் தடுக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்பதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்துவிட்டால் அதன் தடுப்பு மேலும் குறையும். தொப்பியில் சுற்றிலும் அகன்ற விளிம்பு வேண்டும்; முன்புறம் மட்டும் நீட்டிய தொப்பி காதையும் பிடரியையும் கைவிட்டுவிடுகிறது, அடிக்கடி கன்றுபவை அந்த இரண்டும்தான்.

மூட முடியாத இடங்களுக்குச் சன்ஸ்கிரீன் களிம்பு. அதன் குப்பியில் இருக்கும் எஸ்பிஎஃப் என்ற எண்ணைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட எண் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. களிம்பு இல்லாத தோலைச் சிவக்கவைக்கத் தேவையான கதிர் அளவைப் போல எத்தனை மடங்கு கதிர் பட்டால் களிம்பு பூசிய தோல் சிவக்கும் என்பதே அந்த எண். 15 என்ற எண் யுவிபியில் ஏறத்தாழ 93 விழுக்காட்டையும், 30 என்பது 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கும். 93-க்கும் 97-க்கும் பெரிய வேறுபாடு இல்லையே என்று சிலர் சொல்வதுண்டு. வடிகட்டியில் தங்கியதைப் பார்க்கிறார்கள். குவளையில் இறங்கியதைப் பார்க்க வேண்டும். முதலாவதில் ஏறத்தாழ 7 பங்கு இறங்குகிறது, இரண்டாவதில் 3 பங்கு. காயப்படுத்துவது இறங்கியதுதான், அது பாதியாகக் குறைந்திருக்கிறது.

அதே எண்ணை மிகையாக நம்புவதும் பிழை. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற தடிமனில் பூசித்தான் ஆய்வகத்தில் அது அளக்கப்படுகிறது. நடைமுறையில் நாம் பூசுவது அதில் பாதி அல்லது இன்னும் குறைவு. வளர்ந்த ஒருவரின் உடல் முழுமைக்கும் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு. வெளியே செல்வதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீந்தியோ வியர்த்தோ துடைத்தோ முடித்த பின்பும் மீண்டும் பூச வேண்டும். எஸ்பிஎஃப் யுவிபியைப் பற்றித்தான் முதன்மையாகப் பேசுகிறது என்பதால், யுவிஏயையும் தடுக்கும் என்ற குறிப்பு குப்பியில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு நிழலும் துணியுமே பொதுவான அறிவுரை.

எண்ணெய்களைக் கலந்து வீட்டிலேயே சன்ஸ்கிரீன் செய்யும் குறிப்புகள் பரவலாக உலவுகின்றன. இவற்றை நம்பி வெயிலில் நிற்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். துத்தநாக ஆக்சைடு பொடியை எண்ணெயில் கையால் குழைத்தால் அது கட்டி கட்டியாகவே பரவும். கட்டிகளுக்கு இடையே தோல் வெறுமையாக நிற்கும். தணிப்பதில் வீட்டுப் பொருள்களுக்கு நல்ல இடம் உண்டு, தடுப்பதில் இல்லை.

சில மருந்துகள் தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, முகப்பருவுக்கான ரெட்டினாய்டு வகைகள் ஆகியவை அவற்றுள் சில. வழக்கத்துக்கு மாறாக விரைவில் கன்றினால், உண்டுவரும் மருந்துகளை மருத்துவரிடம் காட்டிக் கேட்கலாம். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கன்றிய பிறகு: எது, ஏன் உதவுகிறது

எந்த வீட்டு வைத்தியமும் ஒட்டிக்கொண்ட டிஎன்ஏ எழுத்துகளைப் பிரிக்காது. அந்த வேலையை உயிரணுக்கள்தாம் செய்யும். நம்மால் முடிவது மூன்று: புதுச் சேதத்தை நிறுத்துவது, காந்தலையும் வலியையும் குறைப்பது, பலவீனமான தோலில் ஈரம் போகாமல் காப்பது. இந்த மூன்றில் எதையாவது செய்யும் பொருள் பயனுள்ளது.

முதல் வேலை, சுரீர் என்ற உணர்வு தொடங்கியவுடனேயே வெயிலை விட்டு அகல்வது. எதிர்வினை தாமதமாக வரும் என்று பார்த்தோம். ஆகவே, நிற்கும்போதே எரிகிறது என்றால் வாளி ஏற்கெனவே வழிந்துவிட்டது. அடுத்தது குளிர்ந்த நீர். மெல்லிய துணியை நனைத்து 10 முதல் 15 நிமிடம் வரை போட்டு எடுத்து, நாளில் பலமுறை செய்யலாம். குளிர்ந்த நீரில் மென்மையாகக் குளிக்கலாம். விரிந்த குழாய்களில் பாயும் இரத்தத்தின் சூட்டை நீர் வாங்கிக்கொள்கிறது, நரம்புகளும் சற்றே அடங்குகின்றன. இவ்வளவு எளிதான ஒன்று மருந்தாகுமா என்று தோன்றும். ஆனால் மற்ற வீட்டு வைத்தியங்களில் பலவற்றின் பயன், உற்றுப் பார்த்தால், அவற்றில் உள்ள நீரின் பயன்தான். வெள்ளரிக்காய்த் துண்டுகள் குளிர்விப்பது அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர் என்பதால். குளிர்ந்த தயிர் இதம் தருவதும் பெரும்பாலும் அந்தக் குளிர்ச்சியினால். கொப்புளமோ வெடிப்போ உள்ள இடத்தில் மட்டும் உணவுப் பொருள் எதையும் தடவக் கூடாது, கிருமி நுழைய வழியாகிவிடும்.

சோற்றுக்கற்றாழை இவற்றில் ஒரு படி மேலே. அதன் கூழ் நீர்ப்பசையோடு இருப்பதால் மெல்ல ஆவியாகிக் குளிர்விக்கிறது, தோலின் ஈரத்தையும் சற்றுக் காக்கிறது. அழற்சியைத் தணிக்கும் கூறுகளும் அதில் உள்ளன. ஆனால் காயத்தை விரைவில் ஆற்றிவிடும் என்பதற்கான சான்று வலுவாக இல்லை, இதம் தரும் என்ற அளவில் ஏற்கலாம். மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து வடியும் மஞ்சள் பால் அரிப்பை உண்டாக்கக்கூடியது. அதை வடியவிட்டு, கழுவிய பிறகு நடுவிலுள்ள தெளிந்த கூழை மட்டும் எடுக்க வேண்டும். முதலில் கன்றாத ஓரிடத்தில் சிறிது தடவிப் பார்ப்பது நல்லது. அரிப்பு மிகுந்தவர்களுக்கு, மாவாக அரைத்த ஓட்ஸைக் குளிர்ந்த குளியல் நீரில் கலந்து அதில் சற்று நேரம் இருப்பதும் உதவும்.

குளித்துவிட்டு அழுந்தத் துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் உலர்வதற்குள் மணமற்ற ஈரப்பதக் களிம்பைத் தடவுவது, சேதமடைந்த தோலின் வழியே நீர் வெளியேறுவதைக் குறைக்கிறது. வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். வலி மிகுந்தால் ஐபுப்ரோஃபென் மாத்திரை பொருத்தமானது. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே அது குறைக்கிறது என்பதால், விரைவில் எடுத்தால் பயன் அதிகம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் அறவே கூடாது.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கேடுகள்

பனிக்கட்டியை நேரடியாக வைப்பதே இவற்றில் முதலாவது. அது மரத்துப்போகச் செய்வதால் இதமாகத் தோன்றும். மரத்துப்போன தோலில் குளிர்ச்சியால் உண்டாகும் இன்னொரு காயம் நமக்குத் தெரியாமலே நேர்ந்துவிடும்.

வெண்ணெய், எண்ணெய், கெட்டியான பெட்ரோலியம் களிம்பு ஆகியவை முதல் ஓரிரு நாட்களில் வேண்டாம். அவை தோலின் மேல் மூடிபோலப் படிந்து, உள்ளிருந்து வெளியேற வேண்டிய சூட்டையும் வியர்வையையும் தடுக்கின்றன. பற்பசையில் உள்ள புதினாக் குளிர்ச்சி வெறும் உணர்வு மட்டுமே. அதிலுள்ள மற்ற பொருள்கள் கன்றிய தோலை எரிச்சலூட்டும். தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்றே அமிலத் தன்மை உடையது. சமையல் சோடா அதைக் கெடுக்கிறது, வினிகரோ எதிர்ப்பக்கம் அளவு மீறி எரிக்கிறது.

எலுமிச்சைச் சாற்றைத் தனியே சொல்ல வேண்டும். தோல் கறுத்துவிட்டது என்று சாற்றைத் தேய்த்துவிட்டு மறுபடி வெளியே செல்பவர்களைப் பார்க்கிறோம். எலுமிச்சை வகைப் பழங்களில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது யுவிஏ பட்டால் இரண்டும் சேர்ந்து கொப்புளத்தையும், பல மாதங்கள் மறையாத கருந்திட்டுகளையும் உண்டாக்கும். வெளுக்கச் செய்யும் என்று தடவியது மேலும் கறுக்கச் செய்துவிடுகிறது.

உரியும் தோலைப் பிய்ப்பதும், கொப்புளத்தை உடைப்பதும் வேண்டாம். கொப்புளத்தின் மேல்தோல் உடலே கட்டிய கட்டு. எந்தக் கடையிலும் அதைவிடச் சுத்தமான கட்டுத்துணி கிடைக்காது.

வீட்டு வைத்தியத்தின் எல்லை

காய்ச்சல், குளிர்நடுக்கம், வாந்தி, கடும் தலைவலி, தலைசுற்றல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவை கன்றுதலோடு சேர்ந்து வந்த வெப்பத் தாக்கின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். வெப்பத் தாக்கு என்பது உடலின் மொத்தச் சூடு கட்டுமீறிப்போகும் வேறொரு நோய். அதில் சுயநினைவு தடுமாறினால் தாமதம் உயிருக்கே ஆபத்து. கன்றிய தோலில் வியர்வை சரியாகச் சுரக்காது என்பதால், கன்றியவர் அடுத்த சில நாட்களில் வெப்பத்தைத் தாங்குவதும் குறைவாகவே இருக்கும்.

கொப்புளங்கள் உடலின் பெரும்பரப்பில் வந்தாலும், முகத்திலோ கைகளிலோ பிறப்புறுப்பிலோ வந்தாலும், சீழ் பிடித்தாலும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கன்றினாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணும் கன்றும், பனியிலோ நீர்ப்பரப்பிலோ நெடுநேரம் இருந்த சில மணி நேரத்துக்குப் பிறகு மணல் விழுந்ததுபோல உறுத்தி, கண்ணீர் வழிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனால், கருவிழியின் மேற்பரப்பு கன்றியிருக்கிறது என்று பொருள். கண்ணைக் கசக்காமல், கண்வில்லை அணிந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உரிந்த தோலுக்கு அடியில் வரும் புதுத் தோல் இளஞ்சிவப்பாக, வழுவழுப்பாக இருக்கும். காயம் ஆறிவிட்டது என்ற நிம்மதியில் அதை உடனே வெயிலில் காட்டுபவர்கள் பலர். சில வாரங்களுக்கு அது மற்ற இடங்களைவிட எளிதில் கன்றும் என்பதால், அதுவரை அந்த இடத்தை நெருங்கிய நெசவுத் துணியால் மூடி வைப்பதே போதுமானது.